டிக்கிப் பலகை: மழைமாதக் குறிப்பு, யாங்கூன்

2024 ஜூன் 9, ஞாயிறு

மோரிஸ் மைனர் காரின் டிக்கியில் ஸ்டெப்னிக் குழியை மூடும் பழைய ப்ளைவுட் பலகையைத் தூக்கினேன். தூக்கினேன் என்று சொல்வதைவிட அள்ளினேன் என்பதே சரி. மேல்தாள் முழுசாக இருக்கிறது, அடித்தாள் நமத்த அப்பளமாகக் கையோடு வருகிறது. நடுவில் கெடாத இடத்தில் காலிபர் 9 மி.மீ. காட்டியது. ஓரத்தில் 14. ஸ்டெப்னியோடு வரும் மழைத்தண்ணீர் அந்தக் குழியிலேயே கிடந்து ஆவியாகி, பலகையின் அடிவயிற்றில்தான் போய் ஒட்டும். போன தடவை செய்தவர் மேல்பக்கத்துக்கு மூன்று கை பெயின்ட் அடித்திருக்கிறார். அடியில் ஒன்றுமில்லை. ஓரத்திலும் இல்லை.

துண்டுகளை எறியவில்லை. திருகு இருந்த இடங்களும், அடியில் ரீப்பர்ச் சட்டம் ஓடிய தடமும் அதில்தான் இருக்கின்றன.

ஜூன் 11, செவ்வாய்

டிக்கி ரப்பர் வரவில்லை. ரப்பர் மாட்டாமல் அளவெடுத்தால் பிறகு அழவேண்டியதுதான்.

ஜூன் 15, சனி

கார்க்காரர் மறுபடி அதே பேச்சு. "பர்மாவில் இருந்துகொண்டு தேக்கு போடாமல் ப்ளைவுட்டா அண்ணே?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

பலகை முன்பின்னாக சுமார் 24 அங்குலம். தேக்கு நல்ல மரம், ஆனால் மரம்தான். வேனிலில் ஈரம் 11 சதவீதத்தில் இருக்கும் பலகை இந்த மழையில் 17க்கு ஏறும். சாதாரணமாக அறுத்த தேக்கு, குறுக்குவாட்டில், ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக அகலும். 24 அங்குலத்துக்கு 6 சதவீதம் என்றால் கால் அங்குலத்துக்கு மேல். ஆனியில் அளவாக உட்காரும் பலகை தையில் லொடலொடக்கும். தையில் அளவாகச் செய்தால் ஆனியில் இறுகிக்கொள்ளும், ஸ்டெப்னியை எடுக்கக் கடப்பாரை வேண்டும். நடு ரோட்டில், மழையில், பஞ்சரான டயரோடு. ப்ளைவுட்டில் தாளுக்குத் தாள் ரேகை குறுக்கே போவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அசைவு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது.

பியின்கடோவைப் பற்றியும் கேட்டார். தமிழ்நாட்டில் இருள் என்பார்களே, அந்த இனம். ரயில் கட்டைக்குப் போடும் மரம். 12 மி.மீ. கனத்தில் இந்தப் பலகை 4 வீசை (இங்கே வீசை சுமார் 1.6 கிலோ) வரும், 9 மி.மீ. ப்ளைவுட் என்றால் 2 வீசைக்குள். டிக்கியில் குனிந்து ஒற்றைக் கையால் தூக்கவேண்டிய சாமான் இது.

தேக்கு வரும், ரீப்பராக. அதோடு விட்டுவிட்டால் நல்லது.

ஜூன் 19, புதன்

மூன்று கடையில் மூன்று துண்டு. மூன்றையும் "மெரைன்", அதாவது தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் என்றுதான் விற்கிறார்கள். முத்திரையை நம்புவதைவிடச் சட்டியை நம்பலாம். 2க்கு 6 அங்குலத் துண்டுகளைக் கரி அடுப்பில் நாலு மணி நேரம் கொதிக்கவைத்து, ராத்திரி உலர்த்தி, மறுபடி நாலு மணி நேரம்.

ஜூன் 20, வியாழன்

முதல் துண்டு இரண்டாவது கொதியில் புத்தகமாக விரிந்தது. இரண்டாவது விரியவில்லை, ஆனால் அறுத்த ஓரத்தில் நடுத்தாளில் விரல் நுழையும் பொந்து. அந்தப் பொந்தில் திருகு விழுந்தால் பிடிமானமே இருக்காது, தண்ணீருக்கோ வீடு. மூன்றாவதில் 9 மி.மீ.க்குள் 7 தாள், பசைக்கோடு கறுப்பு, கத்தியை நுழைத்தால் மரம் கிழிகிறதே தவிரப் பசை விடவில்லை. விலை மற்ற இரண்டையும் சேர்த்த அளவுக்கு. வாங்கியாயிற்று. கடையிலேயே நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். பொந்து இருந்தால் சத்தம் மாறும்.

ஜூன் 23, ஞாயிறு

ரப்பர் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டையில் அச்சு எடுத்தேன். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 5/16 அங்குல வித்தியாசம். டிங்கர் தம்பி புதுத்தகடு பற்றவைத்தபோது வலது சுவர் உள்ளே வந்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. பழைய கார் எதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததில்லை, அதனால் ஒரு பாதியை அளந்து மறுபாதிக்குத் திருப்பிப் போடும் வேலை மட்டும் கூடாது.

1948இல் இந்தக் கார் வெளிவருவதற்கு முன்னால் மாதிரி வண்டியை நடுவே அறுத்து 4 அங்குலம் அகலமாக்கினாராம் இதை வடிவமைத்த இசிகோனிஸ். அந்த 4 அங்குலம் இல்லாதிருந்தால் டிக்கிக்குள் என் தோள் நுழைந்திருக்காது.

மூலை வளைவுக்கு டீக்கடைப் பால் டப்பா சரியாகப் பொருந்தியது.

ஜூன் 27, வியாழன்

பலகை உள்ளே போகவில்லை.

அச்சு அட்டை கச்சிதமாகப் போயிற்று. போகத்தானே செய்யும், அட்டை வளையும்! டிக்கி வாய் உள்ளகலத்தைவிடக் குறுகல். ப்ளைவுட்டைச் சாய்த்து, ஒரு மூலையை முதலில் விட்டு, திருப்பி இறக்கவேண்டும், அப்போது பின் மூலை ரப்பரில் முட்டுகிறது. நல்லவேளை, இது 3 மி.மீ. மட்டமான ப்ளையில் வெட்டிய சோதனைப் பலகை. நல்ல பலகையில் கைவைத்திருந்தால் இன்று இந்தக் குறிப்பு வேறு மொழியில் இருந்திருக்கும்.

ஜூலை 1, திங்கள்

பின் மூலைகளை இன்னும் அரை அங்குலம் வளைத்து, சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டேன். இப்போது சாய்த்தால் போகிறது, வருகிறது. பத்துத் தடவை எடுத்துப் போட்டேன். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்முகமும் இந்தத் தரையில்தான். மீட்டர் தப்பாகக் காட்டினாலும் பலகையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அதனால் தரையோடு திருகி முடுக்குகிற யோசனை யாருக்கும் வரக்கூடாது.

ஜூலை 3, புதன்

நல்ல பலகை அறுத்தாயிற்று. கோட்டைக் கத்தியால் கீறி, அதன் மேல் டேப் ஒட்டி, கோட்டுக்கு வெளியே நுண்பல் வாள், மிச்சத்துக்கு இழைப்புளி. ஓரத்தில் இழைப்புளியை இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்குத்தான் தள்ளவேண்டும், முனை தாண்டிப் போனால் தாள் பிளக்கும்.

ஜூலை 4, வியாழன்

ரீப்பர் இரண்டு, 1க்கு 3/4 அங்குலம், பழைய வீட்டு ஜன்னல் சட்டத்திலிருந்து இழைத்த தேக்கு. சீவலைத் தட்டான் தராசில் நிறுத்தேன்: 48.6 கிராம். அடுப்பில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்தபின் 41.9. ஆக ஈரம் 16 சதவீதம். இந்த மாதத்துக்கு இதற்குக் கீழே எதிர்பார்க்க முடியாது.

தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்கவேண்டும். காலையில் துடைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். மணலும் இருக்கிறது, இழைப்புளி அலகை இரண்டு தரம் தீட்டினேன்.

பித்தளைத் திருகு 8ஆம் நம்பர், 3/4 அங்குலம். முதல் திருகு தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. 2.5 மி.மீ. துளை போட்டு, முதலில் இரும்புத் திருகை ஏற்றி இறக்கி மறை வெட்டிய பிறகு, சோப்பு தடவிய பித்தளையை ஏற்றவேண்டும். தெரிந்ததுதான். அவசரம்.

ஜூலை 8, திங்கள்

ஓரத்தை அடைக்க நினைத்த எபாக்சிப் பிசின் தோற்றது. கப்பில் கலக்கிவைத்த 80 கிராம் பத்து நிமிடத்தில் புகைந்தது. இந்த வெயிலுக்கு அகலத் தட்டில் பரப்பிவைத்திருக்க வேண்டும். மிச்சத்தைச் சோதனைத் துண்டின் ஓரத்தில் தடவினேன். காலையில் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு. காற்று ஈரமும் ஹார்டனரும் சேர்ந்து செய்கிற வேலை. அதன் மேல் இரண்டாவது கை அடித்தால் குழிகுழியாக ஒதுங்குகிறது. வெந்நீரில் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்டால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் இதையே செய்யவேண்டும். ஓரத்தை எப்படி அடைப்பது, ஓரத்தை எப்படி அடைப்பது.

ஜூலை 9, செவ்வாய்

கரண்ட் ஐந்துக்கு வந்து ஒன்பதுக்குப் போனது. கார்க்காரர் போன் செய்யவில்லை.

ஜூலை 13, சனி

இத்தனை நாள் மழையோடு சண்டை போட்டிருக்கிறேன். தித்சி! பகானில் அரக்குக் கிண்ணம் செய்கிறவர்கள் பூசும் மரப்பால். அது காய்வதற்கே ஈரக்காற்று வேண்டும், அதற்காகத்தான் கிண்ணங்களை நிலவறையில் வைக்கிறார்கள். வறண்ட மாதத்தில்தான் அதற்குக் கஷ்டம். கடைக்காரம்மா அரை வீசை ஊற்றித் தந்து என் முழங்கையைப் பார்த்தார். "உடம்பில் படாமல் பார்த்துக்கொள், ஒரு வாரம் சொறிவாய்."

வண்டியோடு வந்த பூச்சு இல்லைதான். அடியிலும் ஓரத்திலும் மட்டும் பூசப்போகிறேன். மேலே வழக்கமான கறுப்பு பெயின்ட், அதன் மேல் விரிப்பு.

ஜூலை 15, திங்கள்

முதல் கை. துணியில் இருமுறை வடிகட்டி, கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, ஓரத்தில் மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுத்தேன். அறுத்த ஓரம் நாலு தடவை குடித்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற தாள்கள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்க்கலாம். தடவும்போது வைக்கோல் நிறம், அரைமணியில் பழுப்பு, ராத்திரிக்குள் கறுப்பு. கைக்குத் தேங்காயெண்ணெய், அதன் மேல் கையுறை.

பட்டறையில் ஃபேன் கூடாது, ஜன்னல் சாத்தி, தார்ப்பாய்க்கு அடியில் ஈரச்சாக்கு. பெயின்ட்காரத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "பித்துப் பிடிச்சிருச்சா அண்ணே?" என்று கேட்டுப்போனான்.

ஜூலை 20, சனி

பர்மிய வாசோ மாதப் பௌர்ணமி. மழை கொட்டுகிறது. அருமை.

ஜூலை 22, திங்கள்

இரண்டாவது கை, திருகுத் தலைகளை மூடி. தித்சியில் சாம்பல் குழைத்தால் நல்ல லப்பம், முறிந்த திருகின் குழியையும் அதுவே அடைத்தது.

இடது முழங்கையில் சொறி.

ஜூலை 29, திங்கள்

மூன்றாவது கை, மிக மெல்லிசாக. வலது பின் மூலையில் கொஞ்சம் தேங்கிவிட்டது. தடிப்பாக நின்றால் மேலே தோல் கட்டிச் சுருங்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பஞ்சால் ஒற்றி எடுத்தேன். எடுத்தேனா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை ஆடி 18. வண்டியைக் கோயிலுக்கு எடுத்துப்போகக் கார்க்காரர் வருகிறார். மேல்முகம் காய்ந்து விரிப்பு ஒட்டியாயிற்று. தூக்குகிற தோல் வார் பொருத்தியாயிற்று. அடியில் முன் ஓரத்தில் நகத்தை அழுத்தினேன், தடம் விழவில்லை. இடது பின் மூலை, விழவில்லை. கரண்ட் போய்விட்டது. டார்ச்சோடு வலது பின் மூலைக்குப் போகிறேன்.