மலை ஏறுவதற்கு முன் நின்ற ஊர்

அமெரிக்காவில் ஒமாகாவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வயோமிங் மாநில எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்தில், படுக்கையும் சமையலறையும் கொண்ட எங்கள் பயண வண்டியான ஆர்.வி.யின் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஷையென் நகரத்து மெக்கானிக், வாட்டர் பம்ப் போய்விட்டது, புதியது டென்வரிலிருந்து வர மூன்று நாளாகும் என்றார். "இங்கேயே நின்றது நல்லதாயிற்று. இதற்கு மேல் ஒரே ஏற்றம்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் மறுநாள் காலை பழைய ரயில் நிலையத்துக்குப் போனபோதுதான் விளங்கியது. 1887-ல் கட்டி முடித்த மணற்கல் கட்டடம் அது. தெருவின் ஒரு முனையில் மணிக்கூண்டோடு ரயில் நிலையம், மறு முனையில் மாநிலச் சட்டமன்றம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இந்த ஊரில் ரயிலுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல அது போதும். உள்ளே இப்போது அருங்காட்சியகம்.

ஷையென் ரயிலால் பிறந்த ஊர். 1867-ல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் இந்த இடத்தைக் குறித்தார். அந்த நவம்பரிலேயே தண்டவாளம் வந்துவிட்டது. இங்கிருந்து மேற்கே சுமார் 30 மைலுக்குள் 2,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். அந்த ஏற்றத்துக்கு முன் எஞ்சின்களைப் பழுதுபார்த்து, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி அனுப்ப ஒரு பணிமனை தேவைப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எஞ்சின்கள் எதற்காக நின்றனவோ, அதற்காகத்தான் நாங்களும் நின்றிருந்தோம். ஊரின் பெயரோ, இந்தச் சமவெளியில் வாழ்ந்து, ரயிலும் ராணுவமும் வந்தபின் நிலத்தை இழந்த ஷையென் பழங்குடியினருடையது. அருங்காட்சியகத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்த நினைவு கூடவே வந்தது.

இரண்டாம் நாள் முழுவதும் ஹாலிடே பூங்காவில்தான் கழிந்தது. அங்கே 4004 எண்ணுள்ள 'பிக் பாய்' நீராவி எஞ்சின் நிற்கிறது. 1941 முதல் 1944 வரை மொத்தம் 25 செய்தார்கள், எட்டு மிஞ்சியிருக்கின்றன. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் சாக்கட்டியால் எழுதிவைத்த பெயரே நிலைத்துவிட்டதாம். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரைச் சேர்த்தால் நீளம் 132 அடி, எடை 500 டன்னுக்கு மேல். இயக்கும் சக்கரம் ஒவ்வொன்றும் 68 அங்குல விட்டம். என் மகளைவிட உயரம்.

"அப்பா, இவ்வளவு நீளமானது வளைவில் எப்படித் திரும்பும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒரே கொதிகலனுக்கு அடியில் எட்டெட்டுச் சக்கரங்களாக இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. முன்தொகுதி ஒரு கீலில் பொருந்தித் தனியே அசைகிறது. வளைவில் அது முதலில் திரும்ப, கொதிகலன் நேராகவே இருக்கும். வேலிக்கு வெளியே மண்டியிட்டு அந்த இணைப்பைத் தேடிக்கொண்டே வெகுநேரம் இருந்தோம். இதன் உடன்பிறப்பான 4014-ஐ கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து, இதே ஊர்ப் பணிமனையில் ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்து, 2019-ல் மறுபடி ஓடவிட்டார்கள். நின்றுபோன எஞ்சினை அறுபது ஆண்டு கழித்து உயிர்ப்பித்த அந்தக் கைகளை நினைத்தபோது, மூன்று நாள் காத்திருப்பது பெரிதாகத் தெரியவில்லை.

பம்ப் சொன்ன நாளில் வந்தது. மாட்டி, ஓட்டிப் பார்த்து, மதியம் கிளம்பினோம். நகரத்துக்கு மேற்கே மலைத்தொடரை நோக்கி நிலம் ஒரு சாய்வுப் பலகையைப் போல உயர்ந்துகொண்டே போகிறது. அந்த ஒற்றைச் சரிவைக் கண்டுகொண்டதால்தான் டாட்ஜ் ரயிலை இவ்வழி விட்டார். நெடுஞ்சாலையும் அதன்மேல்தான் ஏறுகிறது.

உச்சியில் விலகி, மண்சாலையில் ஏம்ஸ் நினைவுச்சின்னத்துக்குப் போனோம். கருங்கல்லில் 60 அடி உயரப் பிரமிடு. யூனியன் பசிபிக்குக்குப் பணம் திரட்டிய ஏம்ஸ் சகோதரர்களுக்காக 1882-ல் முடித்தது. அவர்களில் ஓக்ஸ் ஏம்ஸை ரயில்வே பங்கு ஊழலுக்காக 1873-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கண்டித்திருந்தது. அந்தப் பாதையின் மிக உயரமான புள்ளி, 8,247 அடி, இங்கேதான் இருந்தது. பக்கத்தில் ஷெர்மன் என்ற ஊர். 1901-ல் தண்டவாளத்தைத் தெற்கே மாற்றியதும் ரயில் வராமல் போனது, ஊரும் போய்விட்டது. புல்லும் காற்றும் மட்டும் இருக்கின்றன.

மகள் பிரமிடைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிவந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. தெற்கே, கண்ணுக்குத் தெரியாத தொலைவில், ஒரு சரக்கு ரயிலின் ஊதல் கேட்டது.