அறுபதுக்குள் ஆறு ஏ

எங்கள் பாறை ஏறும் கூட்டத்தில் நான்கு பேர். நான்கு பேருக்கும் சேர்த்து எட்டு முழங்கால்கள். அவற்றில் ஒழுங்காக வேலை செய்பவை ஐந்து. அந்த ஐந்திலும் ஒன்று உலோகம். இருப்பதிலேயே நம்பகமானது அதுதான் என்று அதன் சொந்தக்காரர் பீற்றிக்கொள்வார். அதனால் அவருக்கு 'முழங்கால்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது 71. அடுத்தது டீச்சர், 67. ஆயுசு முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது எங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அப்புறம் வங்கிக்காரர், 63. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும். கடைசியாக நான். 59 வயது, பதினோரு மாதம். என் எடையை இப்போது சொல்ல வேண்டாம், அது தானாகத் தெரியவரும்.

இரண்டு வருடம் முன்பு, நாங்கள் பழகும் கூடத்தில், செயற்கைப் பிடிகள் பதித்த ஒரு சுலபமான சுவரை முடித்த தெம்பில், "அறுபதுக்குள் ஆறு ஏ" என்று சொல்லித் தொலைத்தேன். மோனை நன்றாக அமைந்ததுதான் வினை. "எப்போதாவது ஆறு ஏ" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. இது வாயில் ஒட்டிக்கொண்டது. வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆறு ஏ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சுவரின் கடினத்தை அளக்கும் பிரெஞ்சு முறையில் எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும். எண் ஏற ஏறச் சிரமம் கூடும், அதற்குள் ஏ, பி, சி என்று படிகள், நடுநடுவே ஒரு பிளஸ். உச்சத்தில் 9சி இருக்கிறது. ஆடம் ஓண்ட்ரா 2017-இல் நார்வேயில் ஒரு குகையின் கூரையில் தலைகீழாகத் தொங்கி, அந்த அளவை முதன்முதலில் தொட்டார். 6ஏ அங்கிருந்து ரொம்பக் கீழே. எங்கள் கூடத்துக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஏறும் சுவர் அது. ஒரு கையில் ஃபோனோடு ஏறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

என் கணக்கில் அதற்கு இரண்டு நிபந்தனைகள். கயிறு மேலிருந்து தொங்கக் கூடாது. லீட் முறையில், நானே கயிற்றை இழுத்துக்கொண்டு போய் வழியில் உள்ள கொக்கிகளில் மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். நடுவில் ஒரு தடவைகூடக் கயிற்றில் தொங்கி இளைப்பாறக் கூடாது.

வயதைக் காரணம் காட்டலாம் என்றால் டீச்சர் விட மாட்டார். யாராவது "இந்த வயசுல" என்று வாயெடுத்தால், "மார்செல் ரெமி" என்பார். சுவிட்சர்லாந்துக்காரர். 2017-இல், 94 வயதில், ஒரு பிரம்மாண்டமான சுண்ணாம்புப் பாறைச் சரிவை ஏறி முடித்தார். அதற்கும் மசியாவிட்டால் டீர்ட்ரா வொலோவ்னிக் வருவார். அமெரிக்காவின் எல் கேப்பிடன் என்ற செங்குத்துப் பாறையைக் கயிறே இல்லாமல் ஏறிய அலெக்ஸ் ஹானல்டின் அம்மா. அதே 2017-இல், 66 வயதில், மகனோடு கயிறு கட்டிக்கொண்டு அதே எல் கேப்பிடனை ஏறினார். கிட்டத்தட்ட 900 மீட்டர். என் சுவர் 12 மீட்டர்.

இந்த முன்னுதாரணங்கள் மேல் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கோபம் உண்டு. உலகத்தில் இருக்கிற எல்லாக் கிழவர்களின் சாக்குப்போக்கையும் இரண்டே பேர் சேர்ந்து அழித்துவிட்டார்கள்.

இளசுகள் கூடத்துக்குள் வந்ததும் பையைப் போட்டுவிட்டு, கையில் வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். நாங்கள் முதல் முக்கால் மணி நேரம் தரையிலேயே இருப்போம். தோள், இடுப்பு, கணுக்கால், முக்கியமாக விரல். விரலுக்குள் தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் சின்ன வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அறுந்தால் 'டப்' என்று சத்தமே கேட்கும் என்பார்கள். தசைநாண் வகையறாவுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். ஒருநாள் கூடத்தில் அந்த 'டப்' கேட்டது. நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் அவரவர் விரல்களைப் பார்த்துக்கொண்டோம். யாரோ தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் உண்மையான பிரச்சினை மூட்டும் இல்லை, விரலும் இல்லை. கண்ணாடி.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கும். எட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு பவர் இருந்தால், இரண்டையும் ஒரே கண்ணாடியில் அடக்கி புரோகிரெஸிவ் என்று கொடுத்துவிடுவார்கள். மேல்பாதி எட்டத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. தெருவில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. சுவரில் ஏறிவிட்டுக் காலைப் பார்க்கக் குனிந்தால்தான் தெரியும். கண் போவது படிக்கிற பாதி வழியாக, கால் இருப்பதோ ஒன்றரை மீட்டர் கீழே. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மேகம் இருக்கும். கட்டைவிரல் நுனி மட்டுமே நிற்கக்கூடிய கால்பிடியை அந்த மேகத்துக்குள் தேட வேண்டும்.

இது போதாதென்று பிலே கண்ணாடி வேறு. கீழே நின்று கயிறு பிடிப்பவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து போய்விடும். அதற்காகப் பட்டகம் வைத்த ஒரு கண்ணாடி உண்டு. நேராகப் பார்த்தால் மேலே இருப்பவர் தெரிவார். அருமையான கண்டுபிடிப்பு. அதைக் கழற்ற மறந்து நடக்காத வரைக்கும். வங்கிக்காரர் ஒருமுறை அதை மாட்டிக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போய், கதவுக்குப் பதில் கூரைக்குள் நுழையப் பார்த்தார்.

ஆக, எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒன்பது கண்ணாடிகள். எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகளில். அது எவ்வளவு ஆபத்து என்பது போன வியாழக்கிழமைதான் புரிந்தது.

அன்று என் பன்னிரண்டாவது முயற்சி. வாரத்துக்கு ஒன்றாகப் பதினோரு வாரம் அதே மஞ்சள் பிடிகள் வைத்த சுவரில், அதே எட்டாவது மீட்டரில் விழுந்திருக்கிறேன். இடது காலை ஒரு சின்னப் பிடிமேல் வைத்து எழுந்தால் மேலே நல்ல பெரிய பிடி ஒன்று காத்திருக்கும். கால் வைப்பேன், எழுவேன், வழுக்கும். பதினோரு தடவையும் இதே கதை.

கீழிருந்து ஆளுக்கொரு பீட்டா கத்துவார்கள். ஒரு சுவரை எப்படி ஏறுவது என்ற துப்புக்கு ஏறுபவர்கள் வைத்திருக்கும் பெயர் பீட்டா. பீட்டாமேக்ஸ் வீடியோ டேப்பிலிருந்து வந்த சொல் என்பார்கள். இளசுகள் நாள் முழுக்க அந்தச் சொல்லைப் புழங்குவார்கள். அந்த டேப்பை நிஜமாகவே கையில் பிடித்துப் பார்த்தவர்கள் கூடத்திலேயே நாங்கள் நால்வர்தான். "இடுப்பைச் சுவரோட ஒட்டு!" என்பார் டீச்சர். "ஒட்டாதே, தள்ளி நில்லு!" என்பார் முழங்கால். வங்கிக்காரர் மட்டும், "எதுவானாலும் யோசிச்சு செய்ங்க" என்பார். வங்கி வேலை அவரை அப்படி ஆக்கிவிட்டது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டினேன். டீச்சர் வந்து, தன் படிக்கிற கண்ணாடியைக் கையில் எடுத்து பூதக்கண்ணாடி போலப் பிடித்துக்கொண்டு, முடிச்சில் கயிறு ஐந்து இடத்தில் ஜோடி ஜோடியாக ஓடுகிறதா என்று விரல் வைத்து எண்ணினார். இளசுகள் இதைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லின் ஹில் என்ற மகா ஏறுநர் 1989-இல் பிரான்ஸில் முடிச்சைப் பாதியில் விட்டதை மறந்து ஏறி, உச்சியில் சாய்ந்தபோது சுமார் 22 மீட்டர் விழுந்தார். ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். நான்கே வருடத்தில் எல் கேப்பிடனின் 'நோஸ்' பாதையை முதல் ஆளாகக் கைகால் பலத்தாலேயே ஏறியவரும் அவர்தான். அவருக்கே மறக்கும் என்றால், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற எங்களை யார் நம்புவது?

வங்கிக்காரர் பிலே கண்ணாடியோடு தயார். என் கண்ணாடியில் பொடி படிந்திருந்தது. துடைக்கலாம் என்று பெஞ்சில் வைத்தேன், துணியைத் தேடினேன், கிடைக்கவில்லை, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு ஏறினேன்.

முதல் ஏழு மீட்டர் பழகின தடம். எட்டாவது மீட்டரில் வழக்கம்போல் குனிந்து பார்த்தேன். மேகம் இல்லை. என் ஷூவின் தையல் தெரிந்தது. தையலில் பிரிந்திருந்த நூல்கூடத் தெரிந்தது. பதினோரு வாரமாக நான் கால் வைத்த 'பிடி' என்னவென்றும் தெரிந்தது. அது பிடியே இல்லை. எத்தனையோ பேரின் ஷூ ரப்பர் தேய்ந்து சுவரில் படிந்த ஒரு கறை. அதற்கு ஒரு சாண் இடதுபக்கம், அசல் கால்பிடி மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

"இங்க ஒரு பிடி இருக்கு!" என்று கத்தினேன்.

"பதினோரு வாரமா இருக்கு!" என்றார் டீச்சர் கீழிருந்து.

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே! நீங்க வேணும்னுதான் அந்தக் கறையில வைக்கிறீங்க, அது ஏதோ உங்க பாணின்னு விட்டுட்டேன்!"

கால் வைத்தேன். எழுந்தேன். பெரிய பிடி கைக்கு வந்தது. இரண்டு வருடமாக நான் போயிராத உயரம் அது. மேலே இரண்டு கொக்கிகள்தான் பாக்கி. கீழே முழங்காலின் குரல் வேறு தனியாக எகிறிக்கொண்டிருந்தது. "அப்படித்தான்! என்ன அழகு! வலது கையை விடாதே! இவ்வளவு நாள் இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே!" அவர் என்னை இப்படி ஒருநாளும் பாராட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. ஒருவேளை அதனால்தான் மங்குகிறதோ என்றுகூட அடுத்த நிமிடம் நினைத்தேன்.

ஏனென்றால், முகத்துக்கு நேரே இருந்த கொக்கி மங்கலாகத் தெரிந்தது. கால் கண்ணாடி போலத் தெளிவு, கை மட்டும் மேகம். கயிற்றை அள்ளி மாட்டப் போனேன், விளிம்பில் பட்டுத் திரும்பியது. தடவித் தடவி எப்படியோ அதை மாட்டிவிட்டேன். அடுத்தது கடைசிக் கொக்கி. அங்கே போய்ச் சேர்வதற்குள் முன்கை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. எங்கள் பாஷையில் இதற்குப் பம்ப் என்று பெயர். விரல்கள் நம் பேச்சைக் கேட்காமல் ஒவ்வொன்றாகத் தானே திறந்துகொள்ளும். ஒரு தடவை குத்தினேன், தவறியது. இரண்டாம் தடவை மாட்டியே விட்டேன் என்று நினைத்து மனசுக்குள் சிரிக்கவே ஆரம்பித்திருந்தேன். நான் மாட்டியது கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த காற்றில்.

விழுந்தேன்.

லீட்டில் கடைசியாக மாட்டிய கொக்கிக்கு எவ்வளவு மேலே இருக்கிறோமோ, அதைப்போல இரண்டு மடங்கு விழுவோம், அதோடு கயிற்றின் இழுவையும் சேரும். இது எனக்குத் தெரியும். பிடிப்பவர் விழுபவரைவிட ரொம்ப லேசாக இருந்தால் அவர் மேலே போவார் என்பதும் தெரியும். வங்கிக்காரர் அதைத் தன் உடம்பால் நிரூபித்தார். நான் சர்ரென்று கீழே வர, அவர் சர்ரென்று மேலே வந்து முதல் கொக்கிக்குக் கொஞ்சம் கீழே நின்றார். கயிற்றை ஒரு துளி விடவில்லை. மெதுவாக இருவரும் தரைக்கு வந்த பிறகு, "என் சர்வீஸ்ல இவ்வளவு வேகமா நான் மேலே போனதே இல்லை" என்றார். பதவி உயர்வைச் சொல்கிறார்.

அப்போதுதான் டீச்சர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இது உங்க கண்ணாடியா?"

கழற்றிப் பார்த்தேன். இல்லை. முழங்காலுடையது. எட்டத்துக்கு மட்டும் பவர் உள்ள பழைய கண்ணாடி, ஏறுவதற்கென்றே தனியாக வைத்திருந்தாராம். இருவருக்கும் எட்டத்துப் பவர் ஏறக்குறைய ஒன்று. என்னுடையது பெஞ்சில் பத்திரமாக இருந்தது.

"அப்போ அவர் எதை மாட்டிக்கிட்டு இவ்வளவு நேரம் கத்தினார்?" என்றார் வங்கிக்காரர்.

எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்தோம். அடுத்த கயிற்றிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு பெண், இருபது வயது இருக்கும், முழங்காலின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். சட்டை என்னுடைய அதே நீலம். "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். நீங்க கத்தினதாலதான் முடிச்சேன். எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி உற்சாகம் சொன்னதில்லை." அவள் ஏறியது 7ஏ.

முழங்கால் அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். குரல் கொஞ்சம் மாறியிருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, கையை விடாமலே, "நல்லா ஏறினேம்மா" என்றார். மனுஷன் சமாளிப்பதில் கெட்டிக்காரர்.

அவள் போனதும் உண்மையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் யோசிச்சேன்," என்றார் கடைசியில். "இவனுக்கு எப்படிடா திடீர்னு இடுப்பு வந்துச்சுன்னு."

டீச்சர் அதற்குள் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். எட்டாவது மீட்டர் வரை எந்தக் கண்ணாடி, கடைசிக் கொக்கிக்கு எந்தக் கண்ணாடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடலாமா, ஒரு கையால் மாற்ற எத்தனை நொடி ஆகும். என் பிறந்தநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருப்பதையும் அதே தாளின் மூலையில் எழுதி அடிக்கோடிட்டார். வங்கிக்காரர் அடுத்த முறை இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மணல் பை கிடைக்குமா என்று கூடத்து ஆளிடம் விசாரிக்கப் போனார். பிலே கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் போனார், நான் பார்த்தேன்.

நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். விரல்கள் மடங்கவில்லை. முழங்கால் மெல்ல வந்து, உலோகக் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தார். இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, மஞ்சள் சுவரை அடியிலிருந்து உச்சி வரை ஒருமுறை பார்த்தார்.

"நீ ஏறினதை நான் பார்க்கவே இல்லை," என்றார். "மறுபடி ஏறு."