புள்ளி தெரியும் அளவுக்கு

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருவதாகக் கண் மருத்துவர் சொன்ன பிறகு, வெள்ளவத்தை வீட்டில் இருக்கும் கணினியை அப்பா ஏறத்தாழக் கைவிட்டுவிட்டார். காலையில் பத்திரிகையின் இணையப் பதிப்பில் மரண அறிவித்தல்களைப் பார்ப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். அதையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். கடையொன்றில் சொன்னார்கள் என்று பெரிய திரை வாங்கினோம். எழுத்துச் சற்றுப் பெருத்ததே தவிர, ‘க’வை ‘க்’ ஆக்கும் அந்தச் சிறு புள்ளி அவருக்குத் தெரியவில்லை. தமிழில் புள்ளி மறைந்தால் பெயரே மாறிவிடும்.

செலவில்லாத வழி கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும், அதே விசையுடன் எஸ்கேப்பை அழுத்தினால் மூடும். 1600 சதவீதம் வரை பெருக்கலாம் என்பதால் நான் முதலில் 400க்கு உயர்த்தினேன், அது தவறு. நீளமும் அகலமும் நான்கு மடங்காகும்போது திரையின் பதினாறில் ஒரு பங்குதான் கண்ணில் படும். ‘காலமானார்’ என்ற சொல்லின் முடிவைத் தேடிப் போவதற்குள் யார் காலமானார் என்பது விட்டுப்போகிறது. அமைப்பில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கூடும் அளவை 25 ஆகக் குறைத்து, புள்ளி தெளியும் வரை படிப்படியாக ஏற்றினோம். அப்பாவுக்கு 225 போதுமாக இருந்தது.

அடுத்தது காட்சி முறை. கண்ட்ரோல், ஆல்ட், எல் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுட்டியோடு நகரும் வில்லை வரும். கை நடுங்கும் அப்பாவுக்கு அது தலைசுற்றலைத் தந்தது. எல்லுக்குப் பதில் டி அழுத்தினால் பெருக்கிய பகுதி திரையின் மேல் ஓரத்தில் நிலையாக நிற்கும். அவர் பார்வையை அங்கேயே நிறுத்தி, சுட்டியை மட்டும் மெதுவாக நகர்த்துகிறார். வெள்ளைப் பின்னணி கூசினால் கண்ட்ரோல், ஆல்ட்டோடு ஐ அழுத்தி நிறங்களைத் தலைகீழாக்கலாம். ஆப்பிள் கணினியிலும் இத்தகைய வசதி உண்டு. அணுகல் அமைப்பில் அதை முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

சாதாரண இணையப் பக்கங்களுக்கு உலாவியில் கண்ட்ரோலும் கூட்டலும் அழுத்துவதே மேல் என்பேன், ஏனெனில் பெரும்பாலான பக்கங்களில் வரிகள் திரையின் அகலத்துக்குள் மடிந்துகொள்ளும். படமாக ஏற்றிய பத்திரிகைப் பக்கத்தில் அது நடக்காது. அங்கேதான் உருப்பெருக்கி தேவைப்படுகிறது.

நேற்றுக் காலை அப்பா ஓர் அறிவித்தலைத் தானே வாசித்துவிட்டு, “தம்பி, என்னோட வேலை செய்தவர். பின்னேரம் போகவேணும்,” என்றார்.