ஹட்டனில் இறங்கி ஒரு நாள் இருங்கள்

கொழும்பில் யாரிடமாவது சொந்த ஊர் ஹட்டன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா?" கேட்பவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகம் என்றதும் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், அட்டைக்கடி, வறுமை, வேலைக்கு ஆள், இவை தவிர வேறெதுவும் அவர் மனதில் வருவதில்லை. 1888இல் இந்த ஊரில் தொடங்கிய வங்கிதான் இன்று ஹட்டன் நஷனல் வங்கியாக நாடெங்கும் கிளைகளோடு நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து போகிறவர்கள்கூட எங்கள் ஊரை அதோடு சேர்த்து நினைப்பதில்லை.

சுற்றுலாத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் இதே நிலைமை. பயணத் திட்டங்களில் ஹட்டன் என்பது ரயிலை விட்டு இறங்கி வேன் ஏறும் இடம், அவ்வளவுதான். டிசம்பர் பௌர்ணமிக்கும் வெசாக்குக்கும் இடைப்பட்ட சீசனில் ராத்திரி வந்து இறங்குவார்கள், நல்லதண்ணிக்குப் போய் சிவனொளிபாதமலை ஏறி இறங்குவார்கள், அடுத்த ரயிலில் எல்லவுக்குப் போய்விடுவார்கள். விளம்பரத் தாள்களில் கூடை சுமந்து சிரிக்கும் ஓர் அக்கா இருப்பார், ஆனால் அவர் பெயர் எங்கும் இருக்காது. லயங்கள் தெரியாத பாதையாகப் பார்த்து வண்டியை விடச் சொன்ன ஒரு விடுதிக்காரரும் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. இருப்பதை மறைத்து ஊருக்கு நல்ல பெயர் வாங்க முடியாது, வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் இன்னும் சனம் குடியிருப்பது உண்மை, அதைக் கேட்கிற விருந்தினருக்கு நேராகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

சரி, காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது? காசல்ரீ நீர்த்தேக்கமும் டெவன் நீர்வீழ்ச்சியும் அழகுதான், ஆனால் அழகைப் பார்த்து யாரும் ஓர் ஊரை மதிப்பதில்லை. எங்கள் ஆட்களின் கைவேலைதான் எங்கள் பலம் என்று நான் நம்பினேன். அதனால் டிக்கோயா, நோர்வூட் பக்கம் ஒரு முழு நாள் தங்குகிற மாதிரித் திட்டத்தை மாற்றினோம். தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வாட்டத்தைப் பற்றிப் பேசுவார். பறித்த கொழுந்தை மேல்தட்டில் பரப்பிக் காற்று விடுவார்கள், வாட்டம் கூடினாலும் குறைந்தாலும் தேயிலையின் தரம் போய்விடும், மழைநாள் கொழுந்துக்கு ஒரு கணக்கு, வெயில்நாள் கொழுந்துக்கு வேறு கணக்கு. ஒரு பிடி கொழுந்தைக் கையில் இறுக்கித் திறந்து பார்த்தே அவர் பதம் சொல்லிவிடுவார். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்று அவர் சொல்லும்போது, காலையில் கொழுந்து பறித்துப் பார்த்த விருந்தினர்கள் தங்கள் கூடையின் அடியை எட்டிப் பார்ப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட குளிர்காற்று அடிக்கும்போது இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு வரும் வாசம் வேறெந்த மாதத்திலும் வராது, அதனால் அந்த மாதங்களில் இந்த நாளைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லி முகவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

சாப்பாடு தோட்டத்து வீட்டில், ரொட்டியும் கட்டச்சம்பலும். சமைக்கும் அக்காவுக்குக் காசு நேராகக் கையில் போகும், அறிமுகம் அவர் பெயரைச் சொல்லித்தான்.

மன்மதன் கதையை ஆடும் காமன்கூத்தையும் அரைமணி நேரக் காட்சியாகச் சுருக்கித் தர முடியுமா என்று முகவர்கள் கேட்டார்கள். அது மாசி மாதத்தில் தோட்டமே கூடி நேர்த்தியோடு ஆடுவது, கேட்டபோதெல்லாம் ஆடிக்காட்டுகிற விஷயம் இல்லை. அந்த நேரத்தில் வருகிறவர்கள் சனத்தோடு சனமாகத் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டோம், இதில் எனக்கு இன்றைக்கும் இரண்டாவது எண்ணம் கிடையாது.

மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. ஒரு ராத்திரிக்கு வந்தவர்கள் இன்னொரு நாள் தங்குகிறார்கள், திரும்பிப் போனதும் அந்த ஐயாவைப் பேர் சொல்லி விசாரித்து எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கொழும்பில் படித்துவிட்டு வந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் வழிகாட்டி வேலைக்கு வந்திருக்கிறார்கள், ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்கிறார்கள். கொழும்பு நிறுவனங்கள் வண்டியோடு வழிகாட்டியையும் அங்கிருந்தே அனுப்பாமல் இந்தப் பிள்ளைகளை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சிலர் சம்மதித்துவிட்டார்கள். மற்றவர்களிடம் அடுத்த சீசனுக்கு முன்னால் மறுபடி போய்ப் பேச வேண்டும்.