கெட்டிமேளத்துக்குப் பதிலாக நாங்கள்

"வாய் அசையணும், சத்தம் மட்டும் வரக் கூடாது." அன்றைக்கு எங்களுக்கு இடப்பட்ட கட்டளை இது ஒன்றுதான். சென்னையில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் சீர்திருத்தச் சபை) ஆலயத்தின் பாடகர் குழுவில் 19 ஆண்டுகளாக, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடி வருகிறேன். சத்தம் போதவில்லை என்று கொயர் மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேனே தவிர, சத்தமே வரக் கூடாது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஆலயத் திருமணக் காட்சி எடுக்கிறார்கள், பின்னால் நின்று பாட 12 பேர் வேண்டும் என்று, துணை நடிகர்களை ஏற்பாடு செய்யும் ஏஜென்ட் ஒருவர் எங்கள் மாஸ்டரைத் தேடி வந்தார். வழக்கமாக வருகிறவர்களை வைத்து முந்தைய வாரம் எடுத்துப் பார்த்தார்களாம். பாட்டுப் புத்தகத்தை அவர்கள் செய்தித்தாளைப் போல விரித்துப் பிடித்தது இயக்குநருக்குப் பிடிக்கவில்லையாம். ஆக, புத்தகம் பிடிக்கத் தெரிந்தவர்கள் என்ற ஒரே தகுதியில் நாங்கள் தேர்வானோம்.

காலை 6 மணிக்கு வரச் சொன்னார்கள். முதல் ஷாட் எடுத்தபோது மணி 11:30. இடையில் பொங்கலும் வடையும் இரண்டு முறை டீயும் கிடைத்தன. எங்கள் வெள்ளை அங்கியைத் துவைத்துத் தேய்த்து எடுத்துப் போயிருந்தோம். "வெள்ளை, லைட்டில் அடிக்கும்" என்று ஒளிப்பதிவாளர் மறுத்துவிட்டதால், பட்டமளிப்பு விழாவில் அணிவதைப் போன்ற பளபளக்கும் ஊதா அங்கியை மாட்டிக்கொண்டு நின்றோம். ஆலயம் என்பது ஸ்டூடியோ தளத்துக்குள் பிளைவுட்டாலும் தெர்மோகோலாலும் எழுப்பிய செட். பீடத்துக்கு ஒரு பக்கம் கத்தோலிக்க ஆலயத்தைப் போல மாதா சொரூபம், மறுபக்கம் சி.எஸ்.ஐ. ஆயரின் உடையில் ஒரு நடிகர். இது எந்தச் சபை என்று எங்கள் மாஸ்டர் மிகப் பணிவாகக் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் பார்ப்பாங்கள்ல சார்" என்று உதவி இயக்குநர் பதில் சொன்னார். அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

தாலி கட்டும் நேரத்தில் நாங்கள் உச்சத்தில் பாட வேண்டும் என்றார்கள். எங்கள் ஆலயத்தில் அந்த நேரத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி இருக்கும். "கெட்டிமேளம் மாதிரி ஒரு எஃபெக்ட் வேணும் சிஸ்டர், இங்க மேளம் வைக்க முடியாதுல்ல" என்று அந்தத் தம்பி விளக்கியபோது, அவர் பக்க நியாயம் எனக்கு ஓரளவு புரிந்தது.

முதல் சில ஷாட்டுகளுக்குப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஒலிக்கவிடுவதற்கு இன்றும் 'நாகரா' என்றுதான் பெயர். போலந்தில் பிறந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா என்னும் ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து வந்த பெயர் அது. கருவி போய் மடிக்கணினி வந்துவிட்ட பிறகும் "நாகரா ப்ளே" என்றே குரல் கொடுக்கிறார்கள். ஒலித்தது எங்கள் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள பாட்டுதான், ஆனால் ஒரே ஒரு பெண்குரலும் கீபோர்டும் மட்டும். பல்லவியில், ஆண்களில் கீழ்க்குரல் பாடும் எங்கள் பேஸ் குரல்காரர்கள் இரண்டு தாள மாத்திரை கழித்து உள்ளே வந்து, அதே வரியை எதிரொலியாகப் பாட வேண்டும். அப்படித்தான் ஸோல்ஃபா என்னும் சுரக்குறிப்பில் எழுதியிருக்கிறது, அப்படித்தான் அவர்கள் வாயசைத்தார்கள். "கட்! அந்தக் கடைசி மூணு பேர் ஏன் லேட்டா வாயசைக்கிறாங்க?" என்று மைக்கில் குரல் வந்தது. நான்கு குரல்களைப் பற்றி மாஸ்டர் விளக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அதன்பின் நான்கு குரல்காரர்களும் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவின் வாயையே அசைத்தோம்.

அந்தப் பெண்குரலில் மூச்சு எடுக்கும் இடமே இல்லை என்பது இன்னொரு சங்கடம். பதிவுக்குப் பின் மூச்சொலியையெல்லாம் வெட்டியெடுத்துவிட்டார்கள் போலும். எங்கள் 12 பேருக்கோ எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு என்று பென்சிலால் குறித்துக் குறித்து உடம்பிலேயே ஊறிப்போயிருந்ததால், குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாருடைய தோளும் ஒரே சமயத்தில் மேலெழுந்தது.

உண்மையான சோதனை மதிய உணவுக்குப் பிறகுதான் வந்தது. "இத்திருமணத்துக்குத் தடை உண்டா" என்று ஆயர் கேட்க, வாசலிலிருந்து ஒரு பெண் "உண்டு" என்று நடந்துவரும் காட்சி. அந்த வசனங்கள் பதிவாக வேண்டும் என்பதால் நாகரா கிடையாது. பின்னணியில் நாங்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், சுத்தமாகச் சத்தமில்லாமல். கேள்வி கேட்கும்போது பாடகர் குழு எதற்குப் பாடுகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முதல் டேக்கில் இரண்டாம் வரியைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு சொல்லில் நின்றோம்; ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்கள் பல்லவிக்கே போய்விட்டார்கள். இத்தனை வருடங்களாகத் தாளத்தை மாஸ்டரின் கையிலிருந்து எடுக்கிறோம் என்று நம்பியிருந்தேன், ஆனால் பக்கத்தில் இருப்பவரின் குரலிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மாஸ்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையசைத்துப் பார்த்தார். கதாநாயகியின் பார்வை அவர் பக்கமே திரும்புகிறது என்று அவரை அப்புறப்படுத்தினார்கள்.

அப்போதுதான் டெனர் வரிசை ஓரத்தில் நிற்கும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் நின்றிருந்தது பிளைவுட் மேடை. கால்கள் ஃபிரேமில் இல்லாததால் எல்லாரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். அவர் கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பலகையில் வைக்க, அந்த மெல்லிய அதிர்வு என் உள்ளங்காலில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்த டேக்கில் 12 வாய்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. இயக்குநர்கூட "ஓகே" என்றார். ஆனால் ஹெட்போனைக் காதில் வைத்திருந்த ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கி, "எங்கேயோ டொக் டொக்னு கேட்குது" என்றார்.

கடைசியில் புத்தகத்துக்கு அடியில் பக்கத்தில் நிற்பவரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டோம். ஓரத்து அண்ணன் மாத்திரைக்கு ஒரு முறை அழுத்த, அது வரிசை நெடுகக் கைமாறி என்னிடம் வந்தது. சற்றுத் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் எல்லாருக்கும் வந்தது. அப்படியே மூன்று மணி நேரம், அதே பக்கம், அதே பாட்டு, ஒலியின்றி. பேக்கப் சொன்னபோது நான்கு மணி நேர ஒத்திகைக்குப் பிறகு இருப்பதைவிட என் தொண்டை வறண்டிருந்தது. உறையில் போட்டுக் கொடுத்த தொகையில் ஏஜென்ட் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். வாசலிலிருந்து அந்தப் பெண் நடந்துவர, பாட்டை முழுதாக எடுத்துவிட்டு வயலினும் இடியோசையும் சேர்த்திருந்தார்கள். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், மங்கலாக, ஊதா அங்கியில் நாங்கள். என் மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏம்மா, பயந்துபோனவங்க மாதிரி எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தாளம், அத்தை" என்றேன்.