என்ன பிள்ளை?

2021-இல் எனக்குப் பிள்ளை பிறந்தபோது, சேனை தொட்டு வைப்பதற்காகச் சீனித் தண்ணீரோடு கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து காத்திருந்த அத்தையிடம், செவிலியர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல், டாக்டர் வந்து பேசுவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "ஏளா, ஊர்ல என்ன பிள்ளன்னு கேக்காவளே, நான் என்னத்தச் சொல்ல?" என்று அத்தை என்னிடம் கேட்டார். என்னிடமும் பதில் இல்லை.

மூன்றாம் நாள் மருத்துவர், பிறப்புறுப்பு வழக்கமான வடிவில் இல்லை என்றும், ஆறு மாதத்துக்குள் சின்ன அறுவை சிகிச்சை ஒன்றில் பெண்பிள்ளையாகச் சரிசெய்துவிடலாம் என்றும், அந்த வயதில் செய்தால் பிள்ளைக்கு நினைவே இருக்காது என்றும் சொன்னார். நினைவிருக்காது என்பதை ஒரு சலுகை போல அவர் சொன்ன விதம் இன்னும் என்னை உறுத்துகிறது. அன்று மாலை பயிற்சி மருத்துவர்கள் ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் பிள்ளையின் துணியை விலக்க, இன்னொருவர் கைப்பேசியை எடுத்தபோதுதான் என் கணவர் குறுக்கே கையை நீட்டினார். அதுவரை எங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின், பதினோராம் நாள், குடித்த பாலையெல்லாம் பிள்ளை கக்கத் தொடங்கியது. 3 கிலோ 100 கிராமாகப் பிறந்தது 2 கிலோ 600-க்கு இறங்கியிருந்தது. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்து, பொட்டாசியம் ஏறியிருந்தது. அங்கிருந்த ஹார்மோன் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி குறைவாக இருப்பதால், நோயையும் நெருக்கடியையும் தாங்க உடலுக்குத் தேவையான கார்ட்டிசோலும் உடலில் உப்பைத் தக்கவைக்கும் அல்டோஸ்டிரோனும் போதிய அளவு சுரக்காமல், ஆண் ஹார்மோன் மிகுந்துவிடுகிறது. உறுப்பின் வடிவம் மாறியதற்கும் உப்பு வெளியேறியதற்கும் காரணம் ஒன்றே. வடிவத்தால் இந்தப் பிள்ளையின் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை, உப்பு இழப்போ கவனிக்காமல் விட்டால் உயிரையே பறித்துவிடும் என்றார். வடிவத்தைக் கண்டவுடனே எடுத்திருக்க வேண்டிய இரத்தச் சோதனையை, எல்லோரும் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பத்து நாள் தவறவிட்டிருந்தார்கள்.

அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள் நான். ஆனாலும் உறவுக்குள் பழி என் வயிற்றின்மேல் மட்டுமே விழுந்தது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மாற்றமுள்ள மரபணு வந்தால்தான் இது நேரும், ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் அத்தையையும் உட்காரவைத்துச் சொன்னபிறகு, வீட்டில் அந்தப் பேச்சு குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

குரோமோசோம் சோதனையில் பெண்களுக்கு வழக்கமான 46 எக்ஸ்எக்ஸ் என்று வந்தது, ஸ்கேனில் கருப்பை தெரிந்தது. பெண் என்று பிறப்பைப் பதிவுசெய்தோம். வளர்ந்தபின் அவள் வேறுவிதமாகச் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வோம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அதற்கு அவசரப்படவில்லை.

முதல் மருத்துவமனையிலிருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டு அழைப்பு வந்தபோது, மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கும் என் தம்பி அரசாணை 355-ஐ அனுப்பினான். 2019 ஆகஸ்ட் 13 தேதியிட்ட அந்த ஆணை, உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர, ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு, பாலினத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சையைத் தமிழ்நாட்டில் தடைசெய்கிறது. அதற்கு வழிவகுத்தது, அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு. தூத்துக்குடிக் கோயிலொன்றில் நடந்த ஒரு திருமணத்தை, மணப்பெண் திருநங்கை என்பதால் பதிவுசெய்ய அலுவலகம் மறுத்ததில் தொடங்கிய வழக்கு அது; தீர்ப்பு ஊடுபால் குழந்தைகளின் அறுவை சிகிச்சையைப் பற்றியும் பேசியது. பக்கத்து மாவட்டத்து மணப்பெண் ஒருவரின் பிடிவாதம் என் பிள்ளைக்கு உதவும் என்று யார் நினைத்திருப்பார்கள்? சிறுநீர் தடையின்றிப் போகிறது, உயிராபத்து இல்லை, ஆகவே அறுவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். "பின்னால் வருத்தப்படுவீர்கள்" என்றார்கள்.

இப்போது நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைவாகச் சுரக்கும் கார்ட்டிசோலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. குழந்தையாக இருந்தபோது 5 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக வெட்டி, கரண்டியால் நசுக்கி, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவேன். காய்ச்சல் கண்டால் அளவை உயர்த்த வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசி போட வேண்டும். அந்த ஊசியும் மருத்துவரின் கடிதமும் என் பையில் எப்போதும் இருக்கும். புதிய மருத்துவர் யாராவது கடிதத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையின் ஜட்டியைக் கழற்றச் சொன்னால், காய்ச்சலுக்கு அது எதற்கு என்று கேட்கிறேன். பெரும்பாலோர் தொண்டையைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள்.