ஒரு ஞாயிறு, ஐந்து இரவு: கந்தோர் வேலையோடு வன்னியில் வீதிப் பயண சனல்

வேலைக்குப் போய்க்கொண்டே யூடியூப்பில் வீதிப் பயண சனல் தொடங்குகிறவர்களில் அனேகம் பேர் முதலில் கமரா தேடுகிறார்கள். அதற்கு முன்னால் கிழமையில் எத்தனை இரவு கையில் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கந்தோர் 4.15க்கு முடிந்து, வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு லப்டொப்பைத் திறக்க எட்டு மணியாகும். எட்டிலிருந்து ஒன்பதரை வரை, திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் மொத்தம் ஏழரை மணித்தியாலம். கை பழகியவருக்கு 12 நிமிட வீடியோ ஒன்றை வெட்டி, குரல் கொடுத்து, ஏற்றி முடிக்க அது மட்டுமட்டாகப் போதும். ஞாயிறு எடுக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த ஏழரைக்குள்தான் அடங்க வேண்டும்.

அதனால் ஒரு பயணத்துக்கு 40 நிமிடப் பதிவு என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கமராவை ஓட விட்டுவிட்டு வண்டி ஓட்டுவதுதான் பெரிய பொறி. ஒரு அக்ஷன் கமரா வினாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் எழுதினால் மணித்தியாலத்துக்கு 27 ஜிபி. நாலு மணித்தியாலம் ஓடினால் 108 ஜிபி. பழைய யூஎஸ்பி 2 காட் றீடரில் அதைக் கொப்பி பண்ணவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும், திங்கள் இரவு அதோடு சரி. 40 நிமிடம் என்றால் 18 ஜிபிதான். ஓடும் காட்சி ஒவ்வொன்றும் 20 முதல் 40 வினாடி போதும்: சந்தி, பாலம், குளக்கட்டு, காட்டுக்குள் றோட்டு திரும்புகிற இடம். நின்று எடுப்பவை 8 முதல் 10 வினாடி. எடுத்த இடத்திலேயே ஒரு தடவை பார்த்து, உதவாததை அங்கேயே அழித்துவிடுங்கள். வீட்டில் அழிக்க மனம் வராது.

எந்த றோட்டுக்குப் போவது என்பதை வெளிச்சத்தை வைத்துத் தீர்மானிப்பது நல்லது. இதை வன்னியில் படம் எடுக்கிற பலர் கவனிப்பதே இல்லை. வவுனியாவிலிருந்து மன்னார் மேற்குப் பக்கம். காலையில் வெளிக்கிட்டால் சூரியன் முதுகுக்குப் பின்னால் நிற்கும், றோட்டும் மரமும் பளிச்சென்று தெரியும். பின்னேரம் திரும்பும்போதும் அது பின்னால்தான். ஒரே நாளில் போய் வருகிறவருக்கு மன்னார் வாய்ப்பான திசை. முல்லைத்தீவு இதற்கு நேர்மாறு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் A34 என்றாலும், பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் A35 என்றாலும், காலையில் சூரியன் கமராவுக்குள்ளேயே அடிக்கும், பின்னேரம் வரும்போதும் அதே கதை. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழும்புவதால் தென்கிழக்கு நோக்கிப் போகும் A35இல் இன்னும் மோசம். இரண்டு றோட்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான் என்பதால் விடியமுன் ஓடி முடித்து, விடியலைக் கடற்கரையில் எடுங்கள். ஓடும் காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, திரும்பி வரும் வழியில் எடுங்கள். யாழ்ப்பாணம் போகும் A9உம் பூநகரியிலிருந்து மன்னார் பக்கம் இறங்கும் A32உம் வடக்குத் தெற்காகக் கிடப்பதால் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். A32இல் பின்னேர வெயில் கடல் பக்கமிருந்து விழும். சங்குப்பிட்டிப் பாலத்தை நாலரைக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள், மத்தியானத்தில் எடுத்ததைக் காட்டவே கூச்சமாக இருக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழை. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும்போது எடுத்த காட்சிக்கு எப்போதும் ஆள் இருக்கும். ஆனால் நந்திக்கடல் நிரம்பினால் வட்டுவாகல் பாலத்தடியில் போக்குவரத்து நின்றுவிடக்கூடும், முல்லைத்தீவில் தெரிந்தவரிடம் விசாரிக்காமல் A35இல் இறங்காதீர்கள். மாசி, பங்குனியில் நெல் வெட்டு முடிந்து தார் றோட்டில் அரைவாசிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் வண்டியை ஏற்றி ஒரு காட்சி எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், சறுக்கும், அதோடு அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. இருட்டின பிறகு A9இல் படுத்திருக்கும் மாடுகளும், நெடுங்கேணி, மடுப் பக்கக் காட்டு றோட்டுகளில் யானையும் இருக்கும். ஆறரைக்குப் பிறகு படப்பிடிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வதே புத்தி.

இனி பொருட்கள். போனை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் நேரே பூட்டாதீர்கள். இஞ்சின் அதிர்வு போன் கமராவின் ஆட்டம் தடுக்கும் வில்லைப் பகுதியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கெட்டால் படம் ஜெலி மாதிரி ஆடும், பிறகு பழுதுபார்ப்புச் செலவு பயணச் செலவை விழுங்கிவிடும். அக்ஷன் கமராவை ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் பூட்டினால் கழுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். காரில் என்றால் கண்ணாடியில் ஒட்டும் சக்ஷன் மவுண்ட்; ஒட்டமுன் கண்ணாடியைத் துடையுங்கள், வெயிலில் அது கழரும் என்று எதிர்பார்த்து ஒரு நூலும் கட்டிவிடுங்கள். டாஷ்போட்டின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து படம் முழுக்க மங்கலாகத் தெரிந்தால் அதன்மேல் ஒரு கறுப்புத் துணி விரித்தால் போதும், பில்டர் வாங்கத் தேவையில்லை.

வெயில் இன்னொரு எதிரி. ஓடும்போது காற்றில் ஆறிக்கொண்டிருக்கும் கமரா, முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தியதும் சூடேறி அணைந்துவிடும். நிற்கும்போது பதிவை நிறுத்துங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே பதிவு செய்தாலும் சூடு கூடும். அதைவிட இரண்டு மேலதிக பற்றறி நல்லது. கிறவல் றோட்டுச் செம்புழுதியைச் சேட்டு நுனியால் துடைத்தால் வில்லை கீறுப்படும். முதலில் ஊதி, தூரிகையால் தட்டி, கடைசியாகத்தான் துணி.

செற்றிங்கில் ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவில் 60 என்று இருந்தால் தேத்தண்ணிக்கடை எல்ஈடி வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக மினுங்கும், பிறகு வெட்டும்போது அதைத் திருத்துவது பெரும்பாடு. 50க்கு மாற்றி, வினாடிக்கு 25 பிரேம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: ஓடிக்கொண்டே பேசுவதை விட்டுவிடுங்கள். மைக்கை ஹெல்மெட்டுக்குள் வாய்க்குப் பக்கத்தில் பஞ்சு உறையோடு ஒட்டினால் 40 கிலோமீற்றர் வேகம் வரை குரல் விளங்கும். அதற்கு மேல் காற்றுத்தான். குரலை வீட்டில் பதிந்தால் நேரமும் மிச்சம். துணி அலுமாரியைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் இருந்து பேசினால் எதிரொலி வராது. நிமிடத்துக்கு 100 சொல் என்று கணக்குப் போட்டால் 12 நிமிட வீடியோவில் பாதிக்குப் பேச 600 சொல் எழுதினால் போதும். மீதியைக் குருவியும் காற்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

எடுக்கக் கூடாததையும் சொல்ல வேண்டும். முகாம், காவலரண், சோதனைச் சாவடி வந்தால் கமராவை மூடுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள காட்டுக்குள் நல்ல கோணம் தேடி ஓரடிகூட இறங்கக் கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும், பறக்க அனுமதியும் வேண்டும். சுண்டிக்குளம், மடுவீதி போன்ற தேசியப் பூங்காக்களில் வனஜீவராசிகள் திணைக்களமும் சேரும். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் கிடைக்கிறவருக்கு இந்தக் கடித வேலை கட்டாது, ட்ரோன் இல்லாமலே தொடங்குங்கள். முள்ளிவாய்க்கால் பக்கம் போகிறவர்கள் அழுகிற முகத்தைத் தம்ப்நெயிலில் போட்டு ஆள் சேர்ப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆச்சி ஒருவரின் முகம் வேண்டுமென்றால் கமராவை இறக்கி வைத்துவிட்டு, “அம்மா, இதை யூடியூப்பில போடலாமோ?” என்று கேளுங்கள். “எடுக்கலாமோ” என்று மட்டும் கேட்டால் அவர் போட்டோ என்று நினைத்துச் சம்மதிப்பார்.

கிழமை வேலைக்கு வருவோம். திங்கள்: இரண்டு இடத்தில் கொப்பி, நல்ல காட்சிகளைத் தெரிந்து வைத்தல். செவ்வாய்: பாட்டும் குரலும் இல்லாமல் வெட்டி வரிசைப்படுத்தல். லப்டொப் திணறினால் 720 அளவில் பிரொக்ஸி (வெட்டுவதற்கு மட்டுமான சிறிய பிரதி) செய்து வெட்டுங்கள். புதன் குரல். வியாழன் நிறம், எழுத்து, தம்ப்நெயில். வெள்ளி ஏற்றுவது. ஒரு கிழமை தவறினால் தவறட்டும். ஆனால் செவ்வாய் வேலையையும் புதன் வேலையையும் ஒரே இரவில் போட்டு இரண்டு மணி வரை முழித்திருந்தால் வியாழன் கந்தோரில் கண் சொருகும், அதற்கடுத்த கிழமை லப்டொப் பக்கமே போக மனம் வராது. போயா விடுமுறை கிழமை நடுவில் வந்தால் புதுப் பயணம் போகாமல் தங்கிய வேலையை முடியுங்கள்.

ஏற்றும்போது வன்னிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காட்டு இலையும் கிறவல் கல்லும் யூடியூப் சுருக்கும்போது கஞ்சியாகிவிடும். சிறிய சனல்களின் 1080 வீடியோவுக்கு யூடியூப் வழக்கமாகப் பழைய கோடெக்கைத்தான் (வீடியோவைச் சுருக்கும் முறை) கொடுக்கும். 1440க்குப் பெரிதாக்கி ஏற்றினால் விபி9 என்ற மேலான கோடெக் கிடைக்கும், இலை இலையாகத் தெரியும். அதற்கு விலை டேட்டா. 12 மெகாபிட் வேகத்தில் எழுதிய 12 நிமிட 1080 வீடியோ 1.1 ஜிபி அளவு வரும். 1440 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் வேகம் 4 மெகாபிட் என்றால் ஒன்றேகால் மணித்தியாலம். படுக்கமுன் பிரைவேட்டாக ஏற்றிவிட்டு, சனி பின்னேரத்துக்கு நேரம் குறித்துவிடுங்கள். உயர்தரப் பிரதி தயாராகமுன் வெளியிட்டால் முதலில் பார்க்கிறவர்களுக்கு மங்கல் படம்தான் போகும். புதுக் கணக்கென்றால் போன் இலக்கத்தை உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற விடாது.

கடை ரேடியோவிலோ கோயில் ஒலிபெருக்கியிலோ சினிமாப் பாட்டு பின்னால் கேட்டால் உரிமைக் கோரல் வந்து விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். அந்தத் துண்டின் ஒலியை மட்டும் அடக்கி, வேறு இடத்தில் எடுத்த சூழல் ஒலியை வையுங்கள். இதற்காகவே ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு நிமிடம் வெறும் சத்தம் மட்டும் பதிந்து வருவது நல்லது. பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டுக்குப் பயப்படத் தேவையில்லை, பீத்தோவனுக்கு உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது.

நீள வீடியோ வழியாக விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் அந்தப் பணத்தைத் தரும் கூகிளின் அட்சென்ஸ் முகவரியை உறுதிப்படுத்தப் பின் இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். ஒழுங்கை இலக்கமில்லாத கிராமத்து முகவரி என்றால் தபாற்கந்தோர் பெயரையும் குறியீட்டையும் சரியாகப் போட்டு, தபாற்காரரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள். கையில் வருவது 100 டொலர் நிறைந்த பிறகுதான். அரச உத்தியோகத்தர்கள் அந்தக் கட்டத்துக்கு வரமுன் திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெளி வருமானம், ஊடகத்தில் கருத்துச் சொல்வது இரண்டையும் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. தனியார் கம்பனி என்றால் நியமனக் கடிதத்தில் மேலதிகத் தொழில் பற்றிய பந்தியைத் தேடிப் படியுங்கள். கந்தோர் வாகனத்தையும் சீருடையையும் சட்டகத்துக்குள் விடாதீர்கள். வேலை நாளில் லீவு போட்டுப் போன பயணத்தை அன்றைக்கே பேஸ்புக்கில் போடவும் வேண்டாம், மருத்துவ லீவென்றால் சொல்லவே தேவையில்லை.